கீழ்முறி

ரோட்டிலிருந்து பார்த்தால் எங்கள் வீடு ஒற்றைத் தளம்.
ஆற்றிலிருந்து பார்த்தால் இரண்டு.
குழித்துறைச் சரிவில் பாதி வீடுகள் இப்படித்தான்
முகத்தை பஸ்ஸுக்கும் முதுகை ஆற்றுக்கும் காட்டி நிற்கும்.
முதுகுக்குள் இருப்பது கீழ்முறி.

இந்தப் பக்கம் குடிக்கிற தண்ணீருக்கும் வெள்ளம் என்றே பெயர்.
'ஒரு கிளாஸ் வெள்ளம் தா' என்போம்.
அந்த ஐப்பசியில் கேட்காமலே வந்தது.
தையல் மெஷின் போயிற்று, மூன்று மூட்டை அண்டி போயிற்று,
கிளாட்சனின் டிப்ளமா சர்டிபிகேட்
பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே கஞ்சியாகிக் கிடந்தது.
வாவுபலி பொருட்காட்சியில் வாங்கிப் பிரிக்காமலே வைத்த
டின்னர் செட்டுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.
அதை யாரும் தேடவும் இல்லை.

'வித்துருவோம்' என்றான் கிளாட்சன்.
'சுவத்துல கோடு கெடக்கு. எவன் வாங்குவான்?'
'பெயிண்ட் அடிப்போம்.'
இரண்டு வருடம் இதே பேச்சு.
வாங்க ஆளும் வரவில்லை, பெயிண்ட் டப்பாவும் திறக்கவில்லை.
ஒரு திங்கட்கிழமை மார்த்தாண்டம் போய்
எட்டு ஆங்கர் போல்ட்டும்
மரை போட்ட கம்பி எட்டும் வாங்கினேன்.
கடைக்காரர் கேட்டார்: 'ஊஞ்சலா?'
'ஷெல்ஃப்.'
'அது சுவத்துலல்லா அடிப்பாவ?'
'எங்க சுவரு நனையும் அண்ணே.'
மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல்
கைநிறைய வாஷரை அள்ளிப் பொதியில் போட்டார்.

ஷாஜினிடம் இரவல் வாங்கிய டிரில்.
முதல் துளை ஸ்லாப் கம்பியில் முட்டி அலறியது.
நாலு விரல் தள்ளிப் போட்டோம்.
காங்கிரீட் மாவு மூக்கில், பல்லில், கிளாட்சனின் இமையில்.
நேர் மேலே அடுக்களை.
ஒவ்வொரு துளைக்கும் அங்கே கரண்டிகள் கலகலவென்று நடுங்கின,
கீழே என்ன நடக்கிறதென்று
ஒன்றையொன்று கேட்பதுபோல.

நனைந்து காய்ந்த கட்டிலின் அயினிப் பலகைகள்தான் தட்டு.
ஒரு முனையை அவன் பிடித்தான், மறுமுனையை நான்.
'ஒம் பக்கம் தாழ்ந்திருக்கு.'
'ஒம் பக்கம்தான் ஒசரம்.'
ரசமட்டம் வீட்டில் இல்லை.
போனில் ஒரு குமிழியைத் தேடினான்,
அது அவன் கை நடுங்கும் திசைக்கெல்லாம் ஓடியது.

நான் சுவரைப் பார்த்தேன்.
என் நெஞ்சுயரத்தில், நாலு சுவரையும் சுற்றி,
கதவு நிலையிலும் விடாமல்
காய்ந்த சேற்றின் அந்தக் கோடு.
ஒரு நூல் ஏறவில்லை, ஒரு நூல் இறங்கவில்லை.
இந்த வீட்டைக் கட்டிய கொத்தன்கூட
இத்தனை நேராய் எதையும் வைக்கவில்லை.

'இங்கேயிருந்து அள' என்றேன்.
கொஞ்ச நேரம் அவன் அசையவில்லை.
அப்புறம் டேப்பின் நுனியைக் கோட்டில் வைத்து
பெருவிரலால் அழுத்தினான்.
இரண்டு வருடமாய் அவன் கண் தவிர்த்த இடம்.
'ரெண்டடி மேலே போதுமா?'
'ரெண்டரை.'
'ரெண்டரை' என்று பென்சிலால் குறித்தான்.

நட்டை இறுக்கி முடித்ததும்
எச்சரிக்காமல் பலகையைப் பிடித்துத் தொங்கினான்,
எண்பத்திரண்டு கிலோ,
சொந்த அடுக்களைக்குக் கீழே முழங்காலை மடக்கிக்கொண்டு.
முனங்கியது பலகையா அவனா தெரியவில்லை.
நான் சிரித்த சிரிப்பில்
ஸ்பானர் காலில் விழுந்து நகம் கறுத்தது.

இப்போது மேலே:
அண்டி, தேன் டின், கிறிஸ்துமஸ் ஸ்டார், அவனுடைய நகல் சர்டிபிகேட்,
கடைசி மூலையில் அந்த டின்னர் செட், இன்னும் பிரிக்கவில்லை.
கீழே வெறும் சிமெண்ட் தரை.
ஆறு வந்தால் தாராளமாய் உட்காரலாம்.

தரையில் ஒன்றே ஒன்றை விட்டிருக்கிறோம்,
அடி நசுங்கிய அலுமினியச் சருவம்.
கிளாட்சனின் யோசனை.
வெள்ளம் நுழைந்தால் முதலில் அது மிதக்கும்,
மிதந்து போய்ச் சுவரில் முட்டும்.
படுக்குமுன் அவன் இறங்கிப் போய்
அதை இரண்டு முறை தட்டிப் பார்க்கிறான்.
மேலே படுத்துக்கொண்டே நான் சொல்கிறேன்:
'கேக்குது.'